பீடி என்று எழுதச் சொன்ன மேஸ்திரி

பீடி குடித்ததால் வந்த நோய் என்று எழுதிக்கொடுங்கள் என ஒரு நோயாளி உங்களிடம் கைகூப்பிக் கேட்டால் என்ன செய்வீர்கள்?

சிரிக்காதீர்கள். வழக்கமாக ஆட்கள் இதற்கு நேர்மாறாகத்தான் கெஞ்சுவார்கள். பீடி, சாராயம் எதையும் ரிப்போர்ட்டில் குறிப்பிட வேண்டாம், வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம் என்பார்கள். என் சர்வீஸ் முழுவதிலும் பீடியைக் கேட்டு வாங்கப் பார்த்தவர் ஒருவர்தான். நயினார்பாளையத்துக்காரர், தனவேல் மேஸ்திரி. நீங்கள் ஸ்லைடு பார்த்து நோய்க்குப் பெயர் வைக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள், இன்று என் வீடு வரைக்கும் வந்திருக்கிறீர்கள். அதனால் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நான் மெட்ராஸில் நோய்க்குறியியல் படித்து முடித்த கையோடு கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்திருந்தேன். அந்த வட்டாரத்தில் உருப்படியான மைக்ராஸ்கோப் என் மேசையில்தான் இருந்தது. அதனால் வட்டாரமே என் மேசையில் இருப்பதாக எனக்கு நினைப்பு. சீனியர்கள் பேசும்போது குறுக்கே பேசுவேன். பேசியது சரியாகவும் இருந்துவிடும், அதனால் இன்னும் ஜாஸ்தி பேசுவேன். உங்களில் சிலரைப் பார்க்கும்போது எனக்கு அந்த முகம் நினைவுக்கு வருகிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சின்னசேலம் பக்கமும் பஸ் இல்லை, உளுந்தூர்பேட்டை பக்கமும் பஸ் இல்லை. பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை, எங்களுக்கு மருந்து வரவில்லை. போலீஸ் ஜீப்புகள் மட்டும் மரங்களைச் சுற்றி வயலில் இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தன. மேஸ்திரியைக் கயிற்றுக் கட்டிலோடு மாட்டுவண்டியில் ஏற்றி, வண்டிப்பாதையாகவே கொண்டு வந்து சேர்த்தார்கள். மூச்சு விட முடியவில்லை. நெஞ்சின் வலது பக்கம் முழுக்க நீர்.

எங்கள் சீஃப் நீரை எடுத்தார். ஊசியால் நெஞ்சு உறையிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்து எனக்கு அனுப்பினார். பின்னாலேயே அவரும் வந்தார்.

"விரலப் பாத்தியாம்மா? நகம் வரைக்கும் பீடிக் கறை. தலகாணிக்கு அடியில ஒரு கட்டு வெச்சிருக்காரு. நுரையீரல்ல ஆரம்பிச்சு உறைக்கு வந்திருக்கு. பாத்து எழுதிக் குடு."

"பாத்துட்டு எழுதறதா, எழுதிட்டுப் பாக்கறதா, சார்?"

"வாய் இருக்கு உனக்கு" என்றார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

இந்தச் சிக்கலை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். நுரையீரலின் மேல் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டிருக்கிறது ஓர் உறை. நுரையீரலில் கிளம்பும் ஒரு வகைப் புற்று வெளியே வந்து அந்த உறைமேல் படியும். உறையிலேயே பிறக்கும் புற்றும் உண்டு. இரண்டும் நெஞ்சில் நீர் சேர்க்கும். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் குழாய் குழாயாக, சுரப்பி மாதிரியே தெரியும். ஒரே வீட்டு அண்ணன் தம்பி மாதிரி. நீங்கள் இப்போது பழுப்புச் சாயங்களை வரிசையாகப் போட்டு, எது ஏறியது எது ஏறவில்லை என்று பார்த்துப் பிரித்துவிடுகிறீர்கள். எங்களுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு கருஞ்சிவப்புச் சாயம்.

நுரையீரல் புற்று பெரும்பாலும் சளி போன்ற ஒரு பசையைச் சுரக்கும், உறைப் புற்று சுரக்காது. சாயம் அந்தப் பசையைச் சிவப்பாகக் காட்டும். ஆனால் செல்லுக்குள் இருக்கும் சர்க்கரைச் சத்தையும் அதே சிவப்பாகக் காட்டித் தொலைக்கும். அதனால் முதலில் சர்க்கரையைக் கரைத்துவிட்டுச் சாயம் போட வேண்டும். அப்போதும் சிவப்பு நின்றால் நுரையீரல். போய்விட்டால் உறையாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பசை சுரக்காத நுரையீரல் புற்றும் உண்டு.

மேஸ்திரியின் துணுக்கைச் சாதாரணச் சாயத்தில் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. செல்கள் ரொம்ப ஒழுங்காக இருந்தன. நுரையீரல் புற்றின் மூர்க்கம் இல்லை. ஆனால் உறுத்தலை ரிப்போர்ட்டில் எழுத முடியாது. கருஞ்சிவப்புச் சாயப் பாட்டிலை எடுத்தால், அது பழசாகிக் கெட்டுக் கிடந்தது. புது பாட்டில் விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. வழியில் மரம்.

செய்ய ஒன்றும் இல்லாததால் வார்டுக்குப் போனேன். அந்தக் காலத்தில் லேப் டாக்டர்கள் வார்டுக்குப் போவதில்லை. இந்தக் காலத்திலும் போவதில்லை என்று கேள்வி.

மேஸ்திரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை நரைத்த, பெரிய எலும்புகள் கொண்ட மனிதர். அவர் மனைவி அஞ்சலை கட்டிலுக்கு அடியில் ஒரு கோணியை மடித்துப் போட்டு அதன்மேல் கால் நீட்டி உட்கார்ந்து புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்.

"எந்த வேலைக்கு மேஸ்திரி நீங்க?" என்றேன்.

"எல்லா வேலைக்குந்தான் டாக்டரம்மா. கரும்பு வெட்டு, செங்க சூள, ரோடு. ஆளு வோணும்னா தனவேலுகிட்ட வருவாங்க. நீங்க கேட்டாலும் அனுப்பி வெப்பேன்."

"ஃபாக்டரி வேலை?"

"பாக்டரிக்கு நாங்க இன்னாத்துக்குப் போறோம்? அது படிச்சவங்க போற எடம்."

அஞ்சலை சோற்றை விழுங்கிவிட்டு நிமிர்ந்தார். "இன்னா இப்பிடிப் பொய் சொல்ற? ஷீட்டு கம்பெனிக்குப் போவல நீ? கண்ணாலத்துக்கு மின்னாடியிலேர்ந்து போய்க்கினுதான இருக்கற? டாக்டரம்மா, இதோ இந்தக் கோணி அங்கேர்ந்து வந்ததுதான். பொண்டாட்டிக்குப் பொடவ எடுத்தாராரோ இல்லியோ, ஒவ்வொரு வாட்டியும் கோணி எடுத்தாந்துருவாரு. பஞ்சு மாரி மெத்து மெத்துன்னு இருக்கும். எங்க வூட்ல பாயே கெடயாது. புள்ளைங்க எல்லாம் இதுமேல பொரண்டு வளந்ததுங்க."

நான் குனிந்து கோணியைத் தொட்டேன். பலமுறை துவைத்து இழை நைந்துபோயிருந்தது. கூரைக்குப் போடும் சிமெண்ட் ஷீட் செய்கிற கம்பெனி அது, எங்கோ வடக்கே. ஷீட்டுக்குள் கலக்கும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இந்த மாதிரிக் கோணிகளில்தான் வந்து இறங்கும். கையால் பிரித்துக் கொட்டுவார்கள். காலிக் கோணியை உதறி, ராத்திரி அதையே விரித்துப் படுத்துக்கொள்வார்கள். கல்நார் தூசிக்கும் நெஞ்சு உறைப் புற்றுக்கும் உள்ள உறவைப் பற்றி நான் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். நல்ல மார்க் கொடுத்தார்கள்.

"சும்மா இருடி" என்றார் மேஸ்திரி மனைவியிடம். பிறகு என்னிடம், "எதுக்குங்க கேக்குறீங்க?"

நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எனக்கோ விடை கிடைத்த குஷி. "உங்க நோய் பீடியால வந்ததா, ஷீட் கம்பெனியால வந்ததான்னு பாக்கறேன்" என்றேன்.

"ஷீட்டுன்னா எனக்கு மட்டுமா?"

"அங்க வேலை செஞ்ச யாருக்கு வேணும்னாலும் வரலாம். எல்லாருக்கும் வராது. வர்றதுக்கு முப்பது வருஷம்கூட ஆகும்."

"பீடின்னா?"

"பீடின்னா உங்களோட போச்சு."

அவர் தலையணைக்கு அடியில் கைவிட்டு அந்தப் பீடிக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

"அப்ப பீடின்னே எழுதிக் குடுங்க."

"அப்படி எழுத முடியாதுங்க."

"ஏன் முடியாது? குடிச்சிருக்கேனே. ஒரு நாளிக்கு எத்தினி கட்டு குடிப்பேன்னு இவளக் கேளுங்க."

"அதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார் அஞ்சலை, கையைக் கழுவ எழுந்துகொண்டே.

எனக்கு விளங்கவில்லை. கூட்டிப்போன ஆட்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். வெளியே வந்தேன். வராண்டாத் தூணில் சாய்ந்து ஓர் ஆள் நின்றிருந்தார். வண்டி ஓட்டி வந்தவர். பெயர் ஏழுமலை, மேஸ்திரி ஊர் காலனி. மேஸ்திரியோடு பல வருஷமாக அதே கம்பெனிக்குப் போய் வருபவர். அவரிடம்தான் மிச்சத்தைக் கேட்டேன்.

"ரோடு தொறந்தா லாரி கெளம்பணும்ங்க" என்றார் ஏழுமலை. "கோமுகி அணைக்கிட்ட நிக்குது. பசங்க எல்லாம் கல்வராயன் மல மேல கெடக்குதுங்க."

"எந்தப் பசங்க?"

"ரெண்டு பக்கத்துப் பசங்களும்தான். மேஸ்திரி தெருப் பசங்க மரம் வெட்டுனாங்க. போலீசு தேடுது. மேஸ்திரி மவன் செல்வம் பேருதான் மொதல்ல இருக்குது. எங்க காலனில குடிச கொளுத்திட்டாங்க, எங்க பசங்களும் மல ஏறிட்டானுங்க. ஓடைக்கு இந்தப் பக்கம் அவங்க, அந்தப் பக்கம் இவங்க. ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்கறதில்ல. லாரி மட்டும் ஒண்ணுதான்."

"லாரி எங்க போகுது?"

"ஷீட்டு கம்பெனிக்குத்தான். வேற எங்க?"

அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. சாலையில் கிடந்த மரங்கள் என் சாயத்தை நிறுத்தி வைத்திருந்தன. அதே மரங்கள்தான் அந்த லாரியையும் நிறுத்தி வைத்திருந்தன. மரத்தை எடுத்தால் இரண்டும் சேர்ந்து நகரும். நான் நோய்க்குப் பெயர் வைக்கும்போது லாரி சேலத்தைத் தாண்டியிருக்கும்.

லேபுக்கு ஓடினேன். கெட்டுப்போன பாட்டிலின் அடியில் கொஞ்சம் சாயம் மிச்சமிருந்தது. சர்க்கரையைக் கரைக்கும் மருந்தும் இல்லை. அதற்கு மட்டும் என்னிடம் வழி இருந்தது: எச்சில். மனித எச்சிலே அந்த வேலையைச் செய்யும். பழைய லேப் ஆட்கள் எல்லோரும் செய்ததுதான். முகம் சுளிக்காதீர்கள். ஸ்லைடைக் கையில் பிடித்துக் குனிந்தபோது வார்டு சிஸ்டர் உள்ளே வந்துவிட்டார்.

"இன்னா டாக்டரம்மா, கண்ணாடி மேல துப்பிக்கினு இருக்கீங்க? வெத்தல பாக்கு வேற வாங்கியாரச் சொல்லட்டுமா?"

"வேணாம், செவப்பு ஒட்டிக்கும்" என்றேன்.

ஒரே துணுக்கிலிருந்து இரண்டு ஸ்லைடுகள். எச்சில் படாததில் சிவப்பு ஏறியது. எச்சில் பட்டதில் இல்லை. சளிப் பசை எங்கேயும் கிடையாது. உறை.

சீஃபிடம் கொண்டு போனேன். அவர் நிதானமாக இரண்டையும் பார்த்தார். பிறகு சாயப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சாயம் செத்துப் போச்சும்மா. சிவப்பு வரலன்னா பசை இல்லாததால வரலியா, சாயம் செத்ததால வரலியா? எப்படிச் சொல்லுவ?"

"எச்சில் படாத ஸ்லைடுல வந்திருக்கே சார்."

"லேசா வந்திருக்கு. இத வெச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரோடு தொறந்ததும் பாண்டிச்சேரிக்கு அனுப்பு. அவங்க பெரிய மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. பதில் வரட்டும்."

"ரோடு தொறந்தா லாரி போயிடும் சார்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"லாரிய நிறுத்தறதுக்கு ரிப்போர்ட் எழுதக் கூடாதும்மா. தெரிஞ்சத எழுதறதுக்குத்தான் ரிப்போர்ட்."

அவர் சொன்னது சரி. இன்று என்னிடம் அதே ஸ்லைடை நீங்கள் கொண்டு வந்தால் நானும் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடாத வாயால் ஒரு வார்த்தை சொல்லலாமா கூடாதா என்று அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி வார்டுக்குப் போனேன். அஞ்சலை கஞ்சி வாங்கப் போயிருந்தார். மேஸ்திரி தனியாக இருந்தார். நீர் எடுத்ததில் மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஏழுமல சொல்லிட்டானா?"

"சொன்னாரு. லாரிய நிறுத்துங்க."

"நிறுத்தறேன்" என்றார் உடனே. "ஆள் அனுப்புனா நின்னுரும். என் பேச்சுக்கு நிக்கும். பசங்கள எங்க வெச்சிப்பேன்? உங்க வூட்ல வெச்சிப்பீங்களா?"

நான் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"செல்வத்துக்கு மீச கூட சரியா மொளைக்கல. ஸ்டேசன்ல அவன் பேரு எழுதி வெச்சிக்கினு குந்தினு இருக்கறாங்க. உள்ள கூட்டினு போனா கால ஒடச்சி அனுப்புவாங்க. அதுவும் அனுப்புனாத்தான். காலனிப் பசங்க இங்க இருந்தா எங்க தெரு ஆளுங்களே வுட மாட்டாங்க. நான் சொல்றதுக்கு இன்னா, எங்க ஆளுங்கதான் கொளுத்துனாங்க. எல்லாப் பசங்களும் உசுரோட இருக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச எடம் அது ஒண்ணுதான். வருசா வருசம் போன எடம். கேட்டுக்கு உள்ள போய்ட்டா போலீசு வராது, எவனும் வர மாட்டான்."

"அங்க போனா இந்த நோய் வரலாம்."

"வர்றதுக்கு முப்பது வருசம் ஆவும்னு நீங்கதான சொன்னீங்க. எல்லாருக்கும் வராதுன்னும் நீங்கதான சொன்னீங்க. முப்பது வருசம் கழிச்சி வர்றதுக்குப் பயப்படவா, இன்னிக்கி ராத்திரி வர்ற ஜீப்புக்குப் பயப்படவா? படிச்சவங்க நீங்களே சொல்லுங்க."

நான் கேள்வியை மாற்றினேன்.

"அப்ப எதுக்குப் பீடின்னு எழுதச் சொல்றீங்க? எப்படியும் லாரிய அனுப்பத்தான போறீங்க?"

அவர் பீடிக் கட்டின் நூலைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சி அனுப்பறது வேற. தெரியாம அனுப்பறது வேற. பீடின்னு நீங்க ஒரு வார்த்த எழுதிட்டா, நான் தெரியாம அனுப்புனவனா இருப்பேன். பெத்தவன் அத்த மட்டுந்தான் கேக்குறேன்."

"எனக்குத் தெரியாதத எழுத முடியாது."

"அப்ப தெரியாதுன்னாவது எழுதுங்க. தெரியாதுன்னு வாயாலயாச்சும் சொல்லுங்க."

இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குக் காட்ட நினைத்தேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. என் சீஃப் அதைத்தான் சொல்லியிருந்தார்: இன்னும் தெரியாது, பதில் வரட்டும். சாயம் செத்தது, துணுக்கு சின்னது, பெரிய மைக்ராஸ்கோப் பார்க்கவில்லை. முழுக்க நேர்மையான ஒரு 'தெரியாது' என் கையில் தயாராக இருந்தது.

நான் சொன்னது: "எனக்குத் தெரியும். ஷீட்தான்."

லாரியை நிறுத்திவிடுவார் என்று நினைத்துச் சொன்னேனா, என் கண் தப்பாது என்ற திமிரில் சொன்னேனா என்று பல விதமாகத் துருவிப் பார்த்துவிட்டேன். இரண்டும் இருந்தது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் சாயம் எதுவும் இல்லை.

மேஸ்திரி தலையாட்டினார். திட்டவில்லை. "ஏழுமலயக் கூப்புடுங்க" என்றார்.

ஏழுமலை வந்து கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"டே ஏழுமல. நீயும் லாரில ஏறு. பசங்களோட போ. கோணி பிரிக்கிற கொட்டாய்ல யாரையும் நிக்க வெக்காத. ஷீட்டு சொமக்கிற எடத்துல கேட்டு வாங்கு. எவனும் கோணி மேல படுக்கக் கூடாது. பாய் வாங்கிக்குங்க."

"செல்வத்துக்குச் சொல்றியா, எல்லாருக்குமா?"

மேஸ்திரி மூச்சு வாங்கினார். "எல்லாருக்குந்தான்."

"சரி மேஸ்திரி. ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காத. இத்தினி வருசமா போறோம். கோணி பிரிக்க என்னிக்காச்சும் உங்க தெரு ஆளு நின்னுருக்கானா?"

மேஸ்திரி பீடிக் கட்டைத் தலையணைக்கு அடியில் செருகினார்.

"ஏன்னா கொட்டாய்ல ஆளு பிரிச்சி வுடறது நீதான். அதான் கேட்டேன்" என்றார் ஏழுமலை. குரலில் சூடு இல்லை. "யாரும் நிக்க வோணாம்ங்கற. நல்லதுதான். நான் போய்ச் சொல்றேன். கம்பெனிக்காரன் கேப்பானா, அதான் தெர்ல."

போகும்போது அஞ்சலையின் கோணியிலிருந்து விலகிச் சுற்றி நடந்தார். மிதிக்கவில்லை.

மறுநாள் காலை தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். பால் வந்தது, பேப்பர் வந்தது. விழுப்புரத்திலிருந்து என் சாயப் பாட்டிலும் வைக்கோல் சுற்றிய பெட்டியில் வந்தது. பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்து, அணைக்கட்டு லாரி விடியும்போதே போய்விட்டதாகச் சொன்னார். அவர் ஊர் வடக்கனந்தல், வரும் வழியில் பார்த்தாராம். முன்பக்கம் ஒரு கூட்டம், பின்பக்கம் ஒரு கூட்டம், நடுவில் யாரும் இல்லாமல் ஒரு தார்ப்பாய்ச் சுருட்டு.

புதுச் சாயத்திலும் சிவப்பு நிற்கவில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வந்த பதிலும் உறை என்றே சொன்னது. சீஃப் அதைப் படித்துவிட்டு, "நீ சொன்னது சரிதாம்மா" என்றார். கேஸ் சரியாகச் சொன்னால் எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. அன்று சாப்பிடவே பிடிக்கவில்லை. அந்தக் கம்பெனிக்கு சீஃப் தன் கையெழுத்திலேயே கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். அதற்கும் வரவில்லை.

மேஸ்திரி நீர் எடுத்துக்கொள்ள மறுபடியும் வந்தார், பஸ்ஸில். நான் வார்டு வாசலில் நின்றேன். பதில் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். பீடியா என்று கேட்பார் என நினைத்தேன்.

"சொல்ல வோணாம்" என்றார்.

அதற்கப்புறம் கட்டிலில் படுக்கும்போதெல்லாம் அஞ்சலையிடம் பீடி கேட்பார், பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருப்பார் என்று சிஸ்டர் சொன்னார். கரும்பு வெட்டுக்கு முன்பே இறந்துபோனார். ஊரில் எல்லோரும் பீடியால் செத்தார் என்றே பேசிக்கொண்டார்கள். அஞ்சலையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

போலீஸ் கேஸ்களை எல்லாம் அரசாங்கம் கைவிட்ட பிறகு பசங்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சிலர் வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். ஏழுமலை திரும்பி வந்தபோது வாசலிலிருந்து என் மேசைவரை நடப்பதற்குள் ஒருமுறை உட்கார்ந்தார். அவருக்குப் புற்று இல்லை. தூசி நுரையீரலையே காய்ந்த தோல் மாதிரி ஆக்கியிருந்தது. "கொட்டாய்லதான் நின்னேன் டாக்டரம்மா. பசங்கள நிக்க வெக்கக் கூடாதுன்னாரு. அப்ப வேற யாரு நிக்கறது?" என்றார். ரெண்டு பக்கத்துப் பசங்களையுமா காப்பாற்றினீர்கள் என்று கேட்டேன். "முடிஞ்ச வரிக்கும்" என்றார். "கம்பெனிக்காரன் கேக்காத நாள்ல அவனுங்களும் வந்து நின்னானுங்க. செல்வமும் நின்னான். நான் வேணாம்னுதான் சொன்னேன்." அவரும் இப்போது இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். ஸ்லைடில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், பிரிப்பதற்கு உங்களிடம் இப்போது ஆயிரம் வழி இருக்கிறது. நல்லது. நுரையீரல் என்று எழுதினால் பெரும்பாலும் ஒருவருக்கு எழுதுகிறீர்கள். உறை என்று எழுதினால், அவர் யாரோடு வேலை செய்தாரோ, யாரைக் கூட்டிப்போனாரோ, வீட்டில் யார் எதன்மேல் படுத்தார்களோ, அவர்கள் எல்லோருக்கும் எழுதுகிறீர்கள். அதனால் எழுதுவதற்கு முன் வார்டுக்குப் போங்கள். கட்டிலுக்கு அடியிலும் பாருங்கள். ஆள் என்ன வேலை செய்தார் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதுவரைக்கும் எனக்குத் தெரியும். விடை தெரிந்த பிறகு அதை எந்த வாயால், எந்த நாளில், யாரிடம் சொல்வது என்பது எனக்குத் தெரியவில்லை. கேட்காதீர்கள். சீஃப் இருந்தால் அவரும் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

செல்வம் வடக்கனந்தலில் உரக்கடை வைத்திருக்கிறார். பேரன் பேத்தி எடுத்துவிட்டார். மேஸ்திரியின் அதே பெரிய எலும்பு. நான் ரிடையர் ஆன பிறகும் வருஷம் தவறாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச் சொல்லிப் பார்ப்பேன். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. அப்பாவுக்கு வந்ததால் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். "வருசா வருசம் படம் புடிச்சி வெக்கறீங்களே, கல்யாண ஆல்பம் போடப் போறீங்களா டாக்டரம்மா?" என்று சிரிப்பார். ஒவ்வொரு வருஷமும் நெஞ்சு சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு வருஷமும் நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

இன்று காலையும் வந்தார். படிக்கட்டில் ஏறியதும் மூச்சு வாங்கியது, வெயில் என்றார். படத்தை என் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். வலது பக்கம் அடியில் நீர் சேர்ந்திருக்கிறது. செல்வம் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். இப்போதுதான் கேட்டேன். பீடி, சிகரெட் எதையும் அவர் தொட்டதே இல்லை.